ஆற்றல் மட்டப் படம் சரி, டிவைஸ் மட்டும் ஓடவில்லை: இடைமுகத்தில் எதைத் தேடுவது?

கரிமக் குறைக்கடத்தியில் ஓஎல்இடி, சூரிய மின்கலம், டிரான்சிஸ்டர் என்று எதைச் செய்தாலும் முதலில் எல்லோரும் வரைவது ஒரே படம்தான். மின்முனைக்கு ஒரு கோடு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஹோமோ (மூலக்கூறில் எலக்ட்ரான் நிரம்பிய மிக உயர்ந்த மட்டம்) ஒரு கோடு, லூமோ (காலியாக உள்ள மிகத் தாழ்ந்த மட்டம்) ஒரு கோடு, எண்கள் எல்லாம் ஆளுக்கொரு கட்டுரையிலிருந்து எடுத்தவை, மேலே வெற்றிட மட்டம் (எலக்ட்ரான் பொருளை விட்டு வெளியேறி நிற்கும் ஆற்றல்) இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நேர்கோடாக ஓடும். படிகள் எல்லாம் சின்னதாக, ஏறுவதற்கு வசதியாகத் தெரியும். டிவைஸைச் செய்து அளந்து பார்த்தால் மின்னோட்டம் ஆயிரம் மடங்கு குறைவாக இருக்கும். அந்தப் படத்தில் ஒவ்வொரு பொருளும் தனியாக இருந்தபோது எடுத்த எண் இருக்கிறது, இரண்டும் தொட்டுக்கொண்ட பிறகு என்ன ஆனது என்பது இல்லை. கோளாறு பெரும்பாலும் அந்தத் தொடும் இடத்தில்தான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் ஒரு கணக்கை மட்டும் எப்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் தடுப்பு, அதாவது இடைமுகத்தில் மின்னூட்டம் ஏற வேண்டிய படி, 0.06 எலக்ட்ரான் வோல்ட் கூடினாலே அதைத் தாண்டிப் போகும் மின்னூட்டங்கள் பத்தில் ஒரு பங்காகிவிடும், 0.3 கூடினால் லட்சத்தில் ஒன்று. யூபிஎஸ் (புறஊதா ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி மட்டங்களை அளக்கும் முறை) அளவீட்டிலேயே 0.05 முதல் 0.1 வரை பிழை உண்டு. அப்படியிருக்க இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து 'தடுப்பு 0.1தான்' என்று சொல்வதை நம்பி டிவைஸ் செய்யாதீர்கள்.

அறிகுறி: தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் தாராளமாக இருக்கிறது, ஆனால் துளைகள் உள்ளே போகவில்லை

அடிக்கடி வருவது இதுதான். வெளியேற்று ஆற்றல் என்பது மின்முனையின் ஃபெர்மி மட்டத்திலிருந்து (எலக்ட்ரான்கள் நிரம்பிய எல்லை) வெற்றிட மட்டம் வரை உள்ள தூரம், அயனியாக்கும் ஆற்றல் என்பது மூலக்கூறின் ஹோமோவிலிருந்து வெற்றிட மட்டம் வரை உள்ள தூரம், துளை என்பது எலக்ட்ரான் இல்லாத நேர்மின்னூட்ட இடம்; எண்கள் எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில். சுத்தமான தங்கத்துக்கு உயர் வெற்றிடத்தில் 5.1 முதல் 5.4 வரை வருகிறது, உங்கள் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் 5.4 என்று வைத்துக்கொள்வோம், கழித்தால் அதிகபட்சம் 0.3, கிட்டத்தட்டத் தடையே இல்லை என்று தோன்றும். உண்மையில் 0.8, 0.9 என்று வந்து நிற்கும்.

காரணம் இது. உலோகத்தின் எலக்ட்ரான்கள் மேற்பரப்போடு சட்டென்று நின்றுவிடுவதில்லை, ஒரு சிறிய வால் மாதிரி வெளியே நீண்டிருக்கும். வெளியே எதிர்மின்னூட்டம், உள்ளே அதற்கு ஈடான நேர்மின்னூட்டம், ஆக அங்கே ஒரு இருமுனை அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. சுத்தமான தங்கத்தின் அந்தப் பெரிய எண்ணில் இந்த இருமுனையின் பங்கும் சேர்ந்திருக்கிறது. அதன்மேல் ஒரு மூலக்கூறு போய் உட்கார்ந்தவுடன், மூலக்கூறின் எலக்ட்ரான்களும் இந்த வாலும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பதால் வால் உள்ளே தள்ளப்படுகிறது, இருமுனை சுருங்குகிறது, வெளியேற்று ஆற்றல் 0.5 முதல் 1 எலக்ட்ரான் வோல்ட் வரை இறங்கிவிடுகிறது. வேதிவினை எதுவும் தேவையில்லை, மூலக்கூறு சும்மா ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

இதை உறுதிசெய்ய ஒரே வழி, படிப்படியாகப் படியவைத்து ஒவ்வொரு படியிலும் அளப்பது. 0.2, 0.5, 1, 2, 5, 10 நானோமீட்டர் என்று போங்கள், முதல் இரண்டு மூன்று புள்ளிகளை நெருக்கமாக எடுங்கள், ஏனென்றால் நடக்க வேண்டியது பெரும்பாலும் அங்கேயே நடந்து முடிகிறது. வெற்றிட மட்டம் முதல் மூலக்கூறு அடுக்குக்குள் மளமளவென்று இறங்கி அப்புறம் அசையாமல் நின்றால் அது இடைமுக இருமுனை. பத்து நானோமீட்டர் வரை மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் அது பட்டை வளைவு (படலத்துக்குள் மட்டங்களே மெல்லச் சாய்வது), அதற்கு வைத்தியம் வேறு. கூடவே எக்ஸ்பிஎஸ்ஸில் (எக்ஸ்-கதிரால் இதே மாதிரி அளப்பது) கார்பனின் உள் எலக்ட்ரான் தரும் 1எஸ் உச்சியையும் எடுத்துவிடுங்கள். கார்பன் உச்சியும் ஹோமோவும் ஒரே அளவு ஒரே திசையில் நகர்ந்தால் நடப்பது மின்னழுத்த மாற்றம் மட்டுமே. உச்சிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தோள் முளைத்தால் அங்கே வேதிவினை நடக்கிறது, இருமுனைக் கதையை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

சரிசெய்ய, வால் நீளாத மின்முனைக்கு மாறுங்கள். பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரின் வெளியேற்று ஆற்றல் சுமார் 5 தான், சுத்தமான தங்கத்தை விடக் கூடுதல் என்று சொல்ல முடியாது, ஆனால் அதன்மேல் படிந்த மூலக்கூறுக்குத் துளைத் தடுப்பு தங்கத்தில் இருப்பதை விடத் தெளிவாகக் குறைகிறது. தள்ளுவதற்கு அங்கே வால் இல்லை, அவ்வளவுதான். தங்கத்தையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஃபுளோரின் ஏறிய தயோல் ஒன்றை ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பூசுங்கள், பென்டாஃபுளோரோபென்சீன்தயோல் இதற்கென்றே பலரும் பயன்படுத்துவது. சாதாரண ஆல்க்கேன் தயோலை எடுத்துவிடாதீர்கள், அது எதிர்த்திசையில் இழுத்து வெளியேற்று ஆற்றலை இன்னும் குறைக்கும்.

ஒரு சேதி. காற்றில் கிடந்த தங்கத்தில் ஏற்கெனவே அழுக்குப் படிந்து வால் தள்ளப்பட்டாயிற்று, 4.5 முதல் 4.9 வரைதான் காட்டும், அதன்மேல் மூலக்கூறு வந்தால் பெரிதாக எதுவும் மாறாது. ஆகவே ஆய்வகத்தில் இரண்டு பேர் 'தங்கம்' என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு மின்முனைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: மின்முனையை மாற்றிக்கொண்டே போகிறேன், எதுவும் மாறவில்லை

5.0, 5.4, 5.8 என்று வரிசையாக மின்முனைகளை மாற்றியும் திறந்த சுற்று மின்னழுத்தமோ செலுத்து மின்னோட்டமோ அசையவில்லையா? ஃபெர்மி மட்டம் பூட்டிக்கொண்டுவிட்டது. வெளியேற்று ஆற்றல் மூலக்கூறின் ஹோமோ-லூமோ இடைவெளிக்குள் எங்கோ நடுவில் இருக்கும் வரை, அதை 0.1 மாற்றினால் தடுப்பும் 0.1 மாறும். ஹோமோ பக்கமாக ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் அப்புறம் மின்முனை எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான்கள் மின்முனைக்குப் போய் இடையில் இருமுனை உருவாகிக் கூடுதலை எல்லாம் ஈடுகட்டிவிடும். லூமோ பக்கமும் இதேதான். வரைபடமாகப் போட்டால் இரண்டு முனையிலும் தட்டையாகவும் நடுவில் சாய்வாகவும் ஒரு கோடு கிடைக்கும். இதைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள், குறைந்தது நாலு மின்முனையாவது வேண்டும், இரண்டு புள்ளியை வைத்துச் சாய்வு சொல்லாதீர்கள்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பூட்டிக்கொள்ளும் இடம் ஹோமோவின் விளிம்பிலேயே இருப்பதில்லை, அதற்கு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் சில பங்கு முன்னாலேயே, இடைவெளிக்குள் இருக்கிறது. மின்னூட்டம் ஏறிய மூலக்கூறு தன்னைத் தளர்த்திக்கொள்வதும், ஒழுங்கில்லாத படலத்தில் ஹோமோவுக்கு ஒரு நீண்ட வால் இருப்பதும் இதற்குக் காரணங்கள். அதனால் பூட்டிய பிறகும் ஒரு சின்னத் தடுப்பு மிச்சம் நிற்கும். அதை இன்னும் ஆழமான மின்முனை வைத்துத் தீர்க்கவே முடியாது என்று புரிந்துகொண்டால் பல மாத வேலை மிச்சம்.

தீர்க்க வழி இருக்கிறது, 2018-ல் வெளியான ஒரு நல்ல யோசனை. துளை செலுத்த வைக்கும் ஆழமான மாலிப்டினம் ஆக்ஸைடுக்கும் உங்கள் மூலக்கூறுக்கும் நடுவில், உங்கள் மூலக்கூறை விட அயனியாக்கும் ஆற்றல் கூடுதலாக உள்ள இன்னொரு கரிமப் பொருளைச் சில நானோமீட்டர் தடிமனில் வையுங்கள். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், துளைக்கு வழிவிட இன்னும் ஆழமான ஒன்றை நடுவில் வைப்பதா என்று. ஆனால் அந்த மெல்லிய அடுக்கு ஆக்ஸைடை மூலக்கூறிலிருந்து சற்று விலக்கி வைக்கிறது, ஃபெர்மி மட்டம் ஹோமோவோடு இன்னும் நெருங்கி நிற்க முடிகிறது, துளைகள் அந்த மெல்லிய அடுக்கைக் கடந்துவிடுகின்றன. எல்லா வழிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது கோளாறின் வேரைப் புரிந்துகொண்டு கைவைக்கிறது.

அறிகுறி: போன வாரம் நன்றாக இருந்தது, அதே செய்முறை இந்த வாரம் சரியில்லை

பொருளைச் சந்தேகிக்கும் முன் மேற்பரப்பின் வயதைக் கேளுங்கள். ஐடிஓ (ஒளிபுகும் மின்முனை ஆக்ஸைடு) சும்மா கழுவினால் 4.5 பக்கம், யூவி-ஓசோன் அல்லது ஆக்ஸிஜன் பிளாஸ்மா கொடுத்தால் 5 பக்கம் ஏறும், ஆனால் அந்த ஏற்றம் நிலைக்காது, வைக்க வைக்க இறங்கும். பிளாஸ்மாவுக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் வேண்டும்.

மாலிப்டினம் ஆக்ஸைடு இன்னும் சுவையான விஷயம். வெற்றிடத்தில் புதிதாகப் படிந்தபோது 6.7 முதல் 6.9 வரை. காற்றைக் காட்டினால் 6-க்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் உடனே பதற வேண்டாம். உங்கள் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் 5.2 என்றால் 5.7-ம் 6.8-ம் அதற்கு ஒன்றுதான், இரண்டிலும் பூட்டிக்கொள்ளும். 6-ஐ நெருங்கும் ஆழமான ஹோமோ உள்ளவர்கள் மட்டும் கிளவ் பாக்ஸை விட்டு வெளியே எடுக்காமல் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். இன்னொன்று, பழைய படங்களில் இந்த ஆக்ஸைடை எலக்ட்ரான் நாட்டம் (வெற்றிட மட்டத்திலிருந்து கடத்துப் பட்டை, மூலக்கூறில் லூமோ, எவ்வளவு கீழே என்பது) 2.3, இணைதிறன் பட்டை 5.3 என்று வரைந்திருப்பார்கள், அந்த எண்களை எடுக்காதீர்கள். 2009 வாக்கில் வந்த அளவீடுகள் இது மிக ஆழமான கடத்துப் பட்டை உள்ள என்-வகைப் (எலக்ட்ரான் கடத்தும்) பொருள் என்று காட்டிவிட்டன. துளை இதன் இணைதிறன் பட்டை வழியாகப் போவதில்லை, மூலக்கூறின் ஹோமோவிலிருந்து எலக்ட்ரான் இதன் கடத்துப் பட்டைக்கு இறங்குகிறது. படத்தில் அதை அப்படியே வரையுங்கள்.

அறிகுறி: யூபிஎஸ் நிறமாலையே விசித்திரமாக இருக்கிறது

ஒவ்வொரு முறை ஸ்கேன் செய்யும்போதும் எல்லாம் ஆழமான பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் சாம்பிளில் மின்னூட்டம் சேர்கிறது. எலக்ட்ரான் வெளியேறி நேர்மின்னூட்டம் தங்குகிறது, படலம் தடிமனாக இருந்தால் அது வடிய வழியில்லை. ஒளியின் அளவைக் குறைத்து மறுபடி எடுங்கள். நிறமாலை திரும்பி வந்தால் மின்னூட்டம், வராவிட்டால் சாம்பிளே சேதமாகியிருக்கிறது, புதிய இடத்துக்கு நகர்த்துங்கள். சீராக மின்னூட்டம் ஏறியிருந்தால் வெட்டு விளிம்பும் (நிறமாலை முடியும், வெளியேற்று ஆற்றலைத் தரும் முனை) ஹோமோவும் ஒரே அளவு நகர்வதால் அயனியாக்கும் ஆற்றல் சரியாகவே வரும், வெளியேற்று ஆற்றல் மட்டும் பொய்யாகக் குறைந்து தெரியும். 'அயனியாக்கும் ஆற்றல் கட்டுரையோடு பொருந்துகிறதே, அளவீடு சரிதான்' என்று ஏமாந்துபோவது இங்கேதான். நானும் ஒரு முறை இரண்டு வாரம் இல்லாத ஒரு இருமுனைக்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன், கடைசியில் படலத்தை 40-லிருந்து 8 நானோமீட்டராகக் குறைத்ததும் அது காணாமல் போனது.

இடைவெளிக்குள் சின்னதாக ஒரு மேடு தெரிகிறதா? புதிய நிலைகளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுத உட்காரும் முன் விளக்கைப் பாருங்கள். ஹீலியம் விளக்கு 21.22 மட்டும் தருவதில்லை, கூடவே 23.09-ல் பலவீனமான ஒரு கோடும் வருகிறது. அதனால் ஒவ்வொரு வலுவான உச்சிக்கும் 1.87 எலக்ட்ரான் வோல்ட் ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரு நிழல் விழும். உங்கள் மேடு ஏதாவது உச்சியிலிருந்து சரியாக 1.87 தள்ளி இருந்தால் அது நிழல்தான். கழித்துவிடுங்கள், அல்லது ஒற்றைநிறமாக்கி உள்ள மூலத்தில் எடுங்கள்.

வெட்டு விளிம்பு செங்குத்தாக இல்லாமல் வழிந்து இறங்கினால் சாம்பிளுக்கு 5 முதல் 10 வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுத்தீர்களா, சாம்பிள் பகுப்பானுக்கு நேராக நிற்கிறதா, அடித்தளத்தோடு மின்தொடர்பு உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெர்மி விளிம்பை அதே நாளில், சுத்தமாக்கிய தங்கத்திலோ வெள்ளியிலோ எடுக்க வேண்டும். ஹோமோவின் தொடக்கத்தை நேர்கோடு நீட்டிக் கண்டீர்களா, மடக்கை அளவுகோலில் கண்டீர்களா என்பதையும் எழுதுங்கள், இரண்டுக்கும் 0.2-க்கு மேலேயே வித்தியாசம் வரலாம், பூட்டுவது பற்றிப் பேசும்போது ஹோமோவின் வாலைக் காட்டும் மடக்கை வரைபடம்தான் உதவும்.

அறிகுறி: எலக்ட்ரான் பக்கத் தடுப்பு கணக்கோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது

லூமோவை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஹோமோவோடு ஒளி உறிஞ்சும் இடைவெளியைக் கூட்டினீர்கள் என்றால் அங்கேயே தவறு. ஒளி உறிஞ்சும்போது உருவாவது எக்ஸைட்டான், எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் ஜோடி. மின்முனையிலிருந்து வரும் எலக்ட்ரானுக்கு அந்தத் துணை இல்லை, அதனால் அதன் மட்டம் இன்னும் மேலே. சி60 (ஃபுல்லரீன்) படலத்தில் ஒளி இடைவெளி 1.7, 1.8 என்றால் கடத்து இடைவெளி 2.3-க்கு மேல், அரை எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம், முன்னே சொன்ன கணக்கில் அது கோடி மடங்குக்கு மேல். நேராக அளக்கத் தலைகீழ் ஒளியுமிழ்வு முறை (எலக்ட்ரானை அனுப்பி வெளிவரும் ஒளியை அளப்பது) வேண்டும். பழைய முறையில் எலக்ட்ரான் கற்றை கரிமப் படலத்தைச் சேதப்படுத்தும், 2012-ல் வந்த குறை-ஆற்றல் முறை 5-க்குக் கீழே உள்ள எலக்ட்ரான்களை அனுப்புவதால் படலம் தாக்குப்பிடிக்கிறது.

சுழல் மின்னழுத்த அளவீட்டிலிருந்து (கரைசலில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி அளப்பது) வந்த எண் என்றால் ஒப்பீட்டுக்கு வைக்கும் ஃபெரோசீனை எங்கே வைத்தார்கள் என்று தேடுங்கள். சிலர் 4.8, சிலர் 5.1. இரண்டு கட்டுரைகளைக் கலந்தால் அங்கேயே 0.3 போய்விடும், அதுவும் கரைசலில் எடுத்த எண்.

அறிகுறி: அதே மூலக்கூறு, அதே இயந்திரம், அயனியாக்கும் ஆற்றல் அரை எலக்ட்ரான் வோல்ட் மாறுகிறது

மூலக்கூறு நிற்கிறதா, படுத்திருக்கிறதா? பென்டசீன் ஆக்ஸைடுமேல் நிற்கும், சுத்தமான உலோகத்தின்மேல் படுக்கும். வளையத்தின் மேலும் கீழும் பை-எலக்ட்ரான் மேகம் எதிர்மின்னூட்டமாகவும் ஓரத்து ஹைட்ரஜன்கள் நேர்மின்னூட்டமாகவும் இருப்பதால், எந்த முகம் வெளியே தெரிகிறதோ அதைப் பொறுத்து மட்டம் ஏறும், இறங்கும். நின்றால் குறைவு, படுத்தால் கூடுதல். டிரான்சிஸ்டர் செய்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் வாயில்-காப்பின்மேல் (கேட் மின்காப்பு அடுக்கு) நிற்கும் அதே படலம் தங்க விளிம்பில் படுத்துவிடுகிறது, வெளியீட்டு வரைகோடு தொடக்கத்தில் நேராக எழாமல் வளைந்து எழுகிறது. கால்வாய் (சேனல்) நீளத்தை மாற்றி மாற்றித் தொடர்பு மின்தடையைப் பிரித்தெடுங்கள், அதற்குப் பிறகு இயங்குதிறனைச் சொல்லுங்கள்.

அறிகுறி: கெல்வின் புரோபில் எண் தடிமனோடு ஏறிக்கொண்டே போகிறது

கெல்வின் புரோப், அதாவது மேற்பரப்பைத் தொடாமல் அதன் மின்னழுத்தத்தை அளக்கும் கருவி, கெட்டுவிடவில்லை. ஆவியாக்கிப் படியவைத்த சில இருமுனை மூலக்கூறுகள் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே படிகின்றன, ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஓஎல்இடியில் பழைய நண்பரான அலுமினியம் குயினோலேட்டில், இருட்டில் படியவைத்த 560 நானோமீட்டர் படலத்தில் 28 வோல்ட் வரை 2002-ல் அளந்திருக்கிறார்கள். ஒளி பட்டால் அது சிதைந்துவிடும். எனவே ஒளியில் ஒரு முறை, இருட்டில் ஒரு முறை அளந்து ஒப்பிடுங்கள். யூபிஎஸ்ஸில் இது தெரியாமல் போவதும் அதனால்தான், அங்கே எப்போதும் ஒளி விழுந்துகொண்டே இருக்கிறது.

அறிகுறி: சூரிய மின்கலத்தின் மின்னோட்ட-மின்னழுத்த வரைகோடு எஸ் வடிவில் வளைகிறது

ஏதோ ஒரு தொடர்பில் மின்னூட்டம் தேங்குகிறது. அடியில் துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் ஆக்ஸைடு இருந்தால், 400 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் வடிகட்டியை வைத்தும் வைக்காமலும் அளந்து பாருங்கள். புறஊதா பட்டுச் சில நிமிடத்தில் எஸ் மறைந்தால் ஆக்ஸைடின் மேல் ஒட்டிய ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கிறது, கரிம அடுக்குகளில் கைவைக்க வேண்டாம். மெல்லிய பாலிஎத்திலீனிமின் வகை அடுக்கு வெளியேற்று ஆற்றலைக் குறைத்து இதற்கு உதவும்.

அறிகுறி: லித்தியம் ஃபுளோரைடு மேலே வைத்தால் வேலை செய்கிறது, கீழே வைத்தால் இல்லை

1997-லிருந்து எல்லோரும் அலுமினிய எதிர்மின்முனைக்கு அடியில் லித்தியம் ஃபுளோரைடை 0.5 முதல் 1 நானோமீட்டர் வரை வைக்கிறார்கள். சூடான அலுமினியம் அதன்மேல் விழும்போது, கரிமப் பொருளும் கூட இருந்தால், லித்தியம் விடுபட்டு அடுத்த அடுக்குக்குள் போகிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். தலைகீழ் வரிசையில் அந்த வினை நடப்பதில்லை. அடுக்கு வரிசையை மாற்றினால் இடைமுகமும் வேறு ஆகிவிடும், பொருள்கள் அதேதானே என்று எண்ண வேண்டாம்.

அறிகுறி: எந்த எதிர்மின்முனை வைத்தாலும் எலக்ட்ரான் மின்னோட்டம் துளையை விடப் பல மடங்கு குறைவு

இடைமுகத்தைக் குற்றம் சொல்லும் முன் மூலக்கூறின் எலக்ட்ரான் நாட்டத்தைப் பாருங்கள். வெற்றிட மட்டத்துக்குக் கீழே சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட்டில் பல பாலிமர்களுக்கும் பொதுவாக ஒரு எலக்ட்ரான் பொறி (எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் மட்டம்) இருப்பது 2012-ல் காட்டப்பட்டது, தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கூட்டு ஒன்று அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. உங்கள் எலக்ட்ரான் நாட்டம் 3.6-ஐ விடக் குறைவு என்றால் எலக்ட்ரான்கள் போகிற வழியிலேயே விழுந்துவிடும். துளைக்கும் இதேபோல் 6-க்கு மேல் அயனியாக்கும் ஆற்றல் போனால் சிக்கல். இரண்டையும் பிரித்துப் பார்க்க எலக்ட்ரான் மட்டும் ஓடும் டிவைஸை மூன்று தடிமனில் செய்து, ஒரே சராசரி மின்புலத்தில் ஒப்பிடுங்கள். செலுத்தல் தடுப்பு என்றால் தடிமன் மாறினாலும் மின்னோட்டம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பொறி என்றால் தடிமன் கூடக் கூட வேகமாகச் சரியும், அப்போது மின்முனைகளை விட்டுவிட்டு மூலக்கூறை மாற்றுங்கள்.